மைக்கா இலக்கணம்: ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஓர் ஆய்வு

பாயிரம்

ராயபுரம் தொடங்கி, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையுள்ள கடைகளில், சரக்கு அடுக்கும் தட்டுக்கு எந்த மரத்தின் சாயலில் மைக்கா ஒட்டுவது என்பதே ஈண்டு ஆய்வுப்பொருள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டதை எழுதியோர் பலர். கடைத்தட்டை எழுதியோர் இலர். அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் பயன்.

தோற்றம்

மைக்கா தச்சுப் பட்டறையில் பிறந்ததன்று. 1912-இல் அமெரிக்காவில் ஓ'கானர், ஃபேபர் என்னும் இரு பொறியாளர்கள் மின்சாதனங்களுக்குக் காப்புப்பொருள் தேடியதில் கிடைத்தது. இன்றைய செய்முறை வருமாறு: பழுப்புக் காகிதங்களை ஃபீனாலிக் பிசினில் நனைத்து அடுக்கி, மேலே மர வரி அச்சிட்ட தாளை மெலமைன் பிசினில் தோய்த்து வைத்து, சூடேற்றி அழுத்தினால் எட்டுக்கு நாலு ஷீட். ஆகவே கடைக்காரர் 'தேக்கு' என்று தடவிப் பார்ப்பது தேக்கின் படத்தை. காகிதமும் மரத்திலிருந்து வந்ததுதானே எனின், ஆம். எந்த மரம் என்பது அந்த மரத்துக்கே மறந்திருக்கும். அசல் மரத்தைத் தீக்குச்சியாக்கிய விம்கோ ஆலையின் பெயர் திருவொற்றியூரில் மெட்ரோ நிலையத்துக்கே வாய்த்திருக்க, நகல் மரம் கடைக்குள் குடியேறியது காலத்தின் கோலம்.

நூற்பா 1: தூசியின் நிறமே தட்டின் நிறம் என்மனார் ஆசாரி.

உரை: துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி கிளப்புவது மண். எண்ணூர்ப் பக்கம் பறப்பது அனல்மின் நிலையச் சாம்பல். காலையில் துடைத்த தட்டில் மதியம் விரலால் கோலம் போடலாம். கறுத்த வெங்கே ஒட்டினால் சாம்பல் பளிச்சென்று தெரியும். வெளுத்த மேப்பிள் ஒட்டினால் மண் தெரியும். எனவே எண்ணூருக்குச் சாம்பல் நிற ஓக், ராயபுரத்துக்குப் பழுப்புத் தேக்கு என்க.

தடை: கிளாசி ஒட்டினால் கடை களைகட்டாதோ?

விடை: அற்றன்று. கிளாசியில் கைரேகை பதியும். வரி ஆழமான டெக்ஸ்சரில் தூசி பட்டா வாங்கிக்கொள்ளும். மேட்டே நடுவழி.

நூற்பா 2: மேலது மயக்கும், உள்ளது தாங்கும்.

உரை: உப்புக்காற்றும் ஐப்பசி மழையும் மைக்காவின் முகத்தைத் தொடுவதில்லை, ஓரம் வழியாக உள்ளே நுழைகின்றன. பழைய தட்டு ஒன்றின் முனையை ஆசாரி உளியால் லேசாக நெம்பினார். மைக்கா முறியாமல் அப்படியே பெயர்ந்து வந்தது. அடியில் இருந்த பார்ட்டிகிள் போர்டு, டீயில் நனைத்த ரஸ்க்காக உதிர்ந்தது. "மேல இன்னாத்த பாக்குறண்ணே? ஓரத்தப் பாரு" என்றார். உரையாசிரியர் எவரும் இதனினும் சுருங்கச் சொன்னதில்லை.

ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டினால், இரு பக்கமும் ஒரே அளவில் ஈரம் வாங்காமல் தட்டு வளையும். அடிப்பக்கம் யார் கண்ணில் படப்போகிறது என்று மிச்சம் பிடிப்பவர் இதனால் கெடுவர்.

இந்நூற்பாவுக்குத் திருவொற்றியூரிலேயே சான்று உண்டு. மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியேன் என்று சத்தியம் செய்யவேண்டிய சுந்தரர், அந்த நேரம் சந்நிதியை விட்டு மகிழ மரத்துக்குப் போயிருக்கும்படி இறைவனை வேண்டிக்கொண்டார். இறைவனோ சங்கிலியாருக்குச் சொல்லிவைக்க, சத்தியம் மகிழடிக்கே மாறியது. பின்னர் அதை மீறியவர் கண்ணிழந்தார் என்கிறது பெரியபுராணம். மரத்தில் பார்க்க வேண்டியது உள்ளிருப்பதை என்பது இதனாற் பெறப்படும்.

முடிபு

மைக்காவில் மிச்சம் பிடித்துப் பலகையில் செலவழிக்க. தண்ணீர் ஏறும் தெருவென்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் கேட்க. நாலு ஓரத்துக்கும் எட்ஜ் பேண்ட் ஒட்டுக. அடித்தட்டைத் தரையில் படாமல் உயர்த்துக. நிறத்துக்காகக் குடும்பத்தோடு சண்டை வேண்டா. சரக்கு அடுக்கியபின் தட்டில் வெளியே தெரிவது முக்கால் அங்குல முன்னோரம் மட்டுமே.