காலி செய்யச் சொல்லாத வீட்டுக்காரர்

கோயமுத்தூரில் எந்த வீட்டுக்காரரும் குடியிருப்பவரைப் பார்த்து "காலி பண்ணுங்க" என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. இருந்தும் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கணபதியிலும் பீளமேட்டிலும் வடவள்ளியிலும் பார்த்தால், பீரோவையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு குட்டி யானை வண்டிகள் போய்க்கொண்டேதான் இருக்கின்றன. வாயைத் திறக்காமலே ஆளைக் கிளப்புவதுதான் நம்மவரின் வித்தை.

நம்மவருக்குப் பெயர் தேவையில்லை. எந்தத் தெருவில் 'டு-லெட்' பலகையைப் பார்த்துக் கேட்டைத் தட்டினாலும் அவர்தான் வந்து திறப்பார். மில்லிலோ பவுண்டரியிலோ முப்பது வருஷம் சூப்பர்வைசர் வேலை. கைக்கு வந்த செட்டில்மெண்ட் பணத்தில், அஞ்சு சென்டு இடத்தில் கீழே தனக்கொரு வீடு, மேலே மூன்று போர்ஷன். பொடக்காலியில் மிச்சமிருந்த இடத்தையும் விட மனசில்லாமல் அங்கே ஒரு லைன் வீடு. வெள்ளை வேட்டி, கை வைத்த பனியன், இடுப்பில் மோட்டார் ரூம் சாவி. சட்டை போட்டு அவரைப் பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது கல்யாணத்துக்குத்தான் போக வேண்டும்.

குடிவைக்கும்போது அவரைப் போல அருமையான மனிதர் கிடையாது. "ஏனுங்க தம்பி, எந்தூருங்க?" என்று ஆரம்பித்தால் பத்தாவது நிமிஷம் உங்கள் குலதெய்வக் கோயில் வரைக்கும் போய்விடுவார். நீங்கள் அவிநாசிப் பக்கம் என்றால் அவருடைய சம்பந்திக்கு அங்கேதான் தோட்டம். உடுமலைப்பேட்டை என்றால் கொழுந்தியாளைக் கட்டிக் கொடுத்தது அங்கே. எப்படியும் ஒரு சொந்தக்காரரைத் தோண்டி எடுக்காமல் விடமாட்டார். நடுவில் பேச்சுவாக்கில் ஒரு கேள்வி வரும். "ஒறம்பரை நெறைய வருவாங்களா?" விருந்தாளிகளைப் பற்றிய அந்தக் கேள்விக்கு மட்டும் யோசித்துப் பதில் சொல்லுங்கள். சிறுவாணித் தண்ணீர் அமிர்தம்தான், ஆனால் அது தினமும் வருகிற அமிர்தம் இல்லை. தொட்டியில் எத்தனை படி இறங்கியிருக்கிறது என்பது நம்மவருக்குத் தன் சர்க்கரை அளவை விடத் துல்லியமாகத் தெரியும்.

அவருக்குப் பிடிக்காமல் போக நீங்கள் பெரிய குற்றம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. செருப்பை மாடிப்படியில் கழற்றி விடுவது, வண்டியைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்துவது, ராத்திரி பதினோரு மணிக்கு மிக்சி போடுவது, வாஷிங் மெஷினைத் தினமும் ஓட்டுவது என்று எதுவாக இருந்தாலும் போதும். நேரில் சொல்லமாட்டார். நீங்களாகவே உணர்ந்து மன்னிப்புக் கேட்டால்கூட "அட, பரவால்லைங்க" என்பார். அந்தப் 'பரவால்லைங்க' அவருடைய கணக்கு நோட்டில் ஒரு வரி. பக்கம் நிறைந்ததும் அன்பு காட்டத் தொடங்குவார்.

முதல் அடையாளம் பலகாரம். அதுவரை வாடகை ரசீதைத் தவிர எதையும் மேலே கொடுத்தனுப்பாத வீட்டிலிருந்து திடீரென்று ஒரு தூக்குப் போசியில் சந்தவையும் தேங்காய்ப் பாலும் வரும். நானும் அப்படி ஒரு போர்ஷனில் குடியிருந்தவன்தான். அந்தச் சந்தவையைச் சாப்பிட்டிருக்கிறேன், அருமையாக இருந்தது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் பழமை பேச உட்காரவைத்தார்கள். பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தது. "ஏனுங்க, காளப்பட்டிப் பக்கமெல்லாம் புதுப்புதுசா வீடு கட்டீட்டாங்களாமா? காத்தோட்டமா இருக்குதாமா? உங்க ஆபீசுக்கும் கிட்டங்களே?" அப்புறம் காலை நடையின்போது கண்ணில் பட்ட 'டு-லெட்' நம்பர்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, "ஆருக்காச்சும் ஆகும், வெச்சுக்குங்க" என்று கொடுத்தார். யாருக்கு ஆகும் என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

அதிலும் புரியாதவர்களுக்குத்தான் மோட்டார். தேசத்துக்கே பம்புசெட் செய்து அனுப்புகிற ஊர் இது. அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நாலு வைண்டிங் கடை இருக்கும். ஆனால் அவர் வீட்டு மோட்டாருக்கு மட்டும் காயில் கட்ட ஆளே கிடைக்காது. "காயில் போச்சுதுங்க. பையன்கிட்டச் சொல்லியிருக்கறேன், இன்னிக்கு நாளைக்குன்னு இழுக்கறானுங்க." இதைச் சொல்லும்போது கீழ்வீட்டுத் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் உங்களுக்கும் கேட்கும், அவருக்கும் கேட்கும். இரண்டு பேருமே கேட்காத மாதிரி நிற்பதுதான் மரியாதை.

சட்டம் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். 1960-ஆம் வருஷத்துப் பழைய வாடகைச் சட்டத்தில் உள்ளே விட்ட ஆளை வெளியே எடுக்க அவருடைய அப்பா காலத்துக்காரர்கள் கோர்ட்டுக்கும் வீட்டுக்குமாக அலைந்து செருப்புத் தேய்ந்ததை அவர் பார்த்திருக்கிறார். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தையும் வக்கீலிடம் விலாவாரியாகக் கேட்டு வைத்திருக்கிறார். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், ஒப்பந்தம் முடித்துவைக்கப்பட்ட பிறகும் நகராதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்கலாம், ஆனால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. எல்லாம் தெரியும். "நானெங்கீங்க நிறுத்துனேன்? ரிப்பேருங்க!" (கரண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. சப்-மீட்டர் வைத்த போர்ஷனில் முதல் யூனிட்டிலிருந்தே காசு. இந்த இலவசம் மாடிப்படி ஏறுவதில்லை.)

இத்தனை சுற்றுவழி எதற்கு, ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகாதா என்று மெட்ராஸ்காரர்கள் கேட்பார்கள். ஒருமுறை நானே கேட்டேன். நம்மவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நாளைக்கு ஏதாச்சும் ஒரு கல்யாணத்துல மூஞ்சி பாக்கோணுமல்லங்க?" முதல் நாள் அவர் தோண்டி எடுத்த சொந்தக்காரர் அவர் காலையே இப்படிக் கட்டிப்போடுகிறார். அதனால் 'அவுங்களா வந்து சொல்லோணும்' என்பதுதான் சூத்திரம். நீங்களாக வந்து "அண்ணா, வேற வீடு பாத்துட்டோம்" என்று சொன்னதும் அவர் முகத்தில் வருகிற வருத்தத்தைப் பார்க்க வேண்டும். "ஏனுங்க, ஏதாச்சும் கொறையா?" என்பார். அட்வான்சில் பெயிண்டுக்குப் பிடித்தது போக மிச்சத்தைக் கொடுக்கும்போது கண்கூடக் கலங்கும். அது நடிப்பில்லை என்பதுதான் விசேஷம்.

இப்பேர்ப்பட்ட நிபுணரை அசத்தியது கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகள் வயிற்றுப் பேத்தி. சிங்கப்பூர் மாமா வாங்கிக் கொடுத்த நின்டெண்டோ ஸ்விட்சில் அவள் ஒரு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்', 2020 மார்ச் 20-ஆம் தேதி வெளிவந்தது. அடுத்த வாரமே ஊரடங்கு வந்து நாடு கதவைச் சாத்திக்கொள்ள, உலகம் பூராவும் ஜனங்கள் அந்தத் தீவில் போய்க் குடியிருந்தார்கள். மெஷினுக்கொரு தீவு, அதில் மிருகங்கள் குடித்தனம் இருக்கும். அதிகபட்சம் பத்துக் குடித்தனம்.

"அப்புச்சி, இந்த ராட்னியை எனக்குப் புடிக்கவே இல்ல. போகவும் மாட்டேங்கறான்."

பார்த்தார். ஒரு வெள்ளெலி. தன்னைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டு திரிகிற ரகம்.

"வாடகை எத்தன கண்ணு தர்றான்?"

"வாடகையெல்லாம் கிடையாது அப்புச்சி."

நம்மவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அட்வான்சு?"

"அதுவும் இல்ல. நான்தான் டாம் நூக்குன்னு ஒருத்தருக்கு வீட்டுக் கடன் கட்டறேன். மொதல்ல 98,000 பெல், அது அங்கத்த காசு. வட்டி இல்ல, கெடு இல்ல, எப்ப வேணாக் கட்டலாம்."

"வட்டியில்லாமக் கடன் குடுக்கற ஆள எங்கம்மிணி புடிச்ச?" ஏலச்சீட்டும் பைனான்சும் பார்த்து வளர்ந்த மனிதருக்கு அன்று ராத்திரி சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்று கேள்வி.

அடுத்து வந்ததுதான் சுவாரசியம். பிடிக்காத குடித்தனத்தைக் கிளப்ப அந்த விளையாட்டில் ஜனங்கள் படாத பாடு படுகிறார்கள். பூச்சி பிடிக்கிற வலையால் தலையில் போடுவார்கள். வெள்ளெலி முகத்தைச் சுருக்கிக்கொள்ளுமே தவிர அசையாது. ஆபீசில் இசபெல் என்று ஒரு நாய் அம்மா இருக்கிறாள். அவளிடம் போய்ப் புகார் கொடுத்தால், பேச்சையும் உடுப்பையும் மாற்றிக்கொள்ளச் சொல்லுவாளாம், வீட்டை விட்டுப் போகச் சொல்லமாட்டாளாம். "அபார்ட்மெண்டு செகரட்டரியாட்ட இருக்கறா," என்றார் நம்மவர். அமீபோ என்று ஒரு கார்டு உண்டு. அதைக் காட்டி வேறொரு மிருகத்தை மூன்று நாள் கூடாரத்துக்கு வரவழைத்து, அது கேட்டதைச் செய்துகொடுத்தால் குடிவர ஒப்புக்கொள்ளும். பத்து வீடும் நிரம்பியிருந்தால் யார் போவது என்பதை நாமே சொல்லலாம். இதை மட்டும் அவர் உடனே பிடித்துக்கொண்டார். "மச்சான் மகனுக்கு வீடு வேணும்னு சொல்றதுதானே? அது பழைய வழி."

மெஷினின் தேதியைத் தள்ளி வைத்து நாளை ஓட்டுகிறவர்களும் உண்டு என்றாள் பேத்தி. "தேதிய மாத்துனா வாடகையும் சேந்து வருமா?" என்று கேட்டுவிட்டு, வாடகையே இல்லை என்பது ஞாபகம் வந்து அவரே அடங்கிப்போனார்.

"இதெல்லாம் வேண்டாம் கண்ணு. அவங்கிட்டப் பேசாம உட்டுட்டா?"

"அதேதான் அப்புச்சி! கண்டுக்காம விடணும். ஒரு நாளைக்குத் தலைக்கு மேல யோசனைக் குமிழி வரும். அப்பப் போய்க் கேட்டா, 'நான் போகட்டுமா'ன்னு அவனே சொல்லுவான். 'இரு'ன்னாலும் இருப்பான். 'போ'ன்னாப் போயிருவான்."

நம்மவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதச் செஞ்சவன் நம்மூர்க்காரனாட்ட இருக்குது," என்றார்.

"ஜப்பான்காரங்க அப்புச்சி. கியோட்டோ."

"அப்ப அங்கயும் கல்யாணத்துல மூஞ்சி பாக்கோணுமாட்ட இருக்குது."

ராட்னி ஒரு நாள் வாய்திறந்து கேட்டே விட்டான். மறுநாள் வீட்டுக்குள் அட்டைப்பெட்டிகள், அதற்கு மறுநாள் மனை காலி. பேத்திக்கு ரேமண்ட் வேண்டும். கண்ணாடி போட்டு, கண்ணுக்கொரு நிறமாக, ஆபீசருக்கான தோரணையில் இருக்கும் பூனை. 2020-இல் அதற்காகக் கள்ளச் சந்தையே நடந்தது. "ஐ.டி. பார்ட்டியா? புடிச்சுப் போடு, மாசமானா வாடகை வந்துரும்," என்றார் தாத்தா, பழக்கதோஷத்தில். அவள் விளையாட்டில் சேர்த்த மைல் தலா 2,000 கொடுத்து டிக்கெட் எடுத்துத் தீவு தீவாகப் பூனையைத் தேடினாள். குடிவைக்க ஆள் தேடி ஓனர் ஊர் ஊராக அலைவதை நம்மவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். மனையைக் காலியாகவே விட்டுவைத்தால் விளையாட்டே யாரையாவது கொண்டுவந்து உட்காரவைத்துவிடும். இரண்டொரு நாளில் ஜாம்பெட் என்றொரு தவளை, உதட்டுச் சாயத்தோடு குடிவந்து இறங்கியது. பேத்தி அழுததைப் பார்த்து அவர் சிரித்தாராம்.

சிரித்திருக்கக் கூடாது. அவர் மாடியில் செருப்பையும் வாஷிங் மெஷினையும் வைத்துக்கொண்டு இருந்த தம்பதியும் அந்த மாதமே "அண்ணா, வேற வீடு பாத்துட்டோம்" என்று சொல்லிக் கிளம்பியிருந்தார்கள். அடுத்து வந்தவர் அடக்கமான மனிதர், ஒரே ஆள், ஒறம்பரை கிடையாது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே மாடி ஏறுவார். தண்ணீரும் அதிகம் புழங்கமாட்டார். அவர் வள்ளி கும்மி வாத்தியார் என்பது அட்வான்ஸ் கை மாறிய பிறகுதான் தெரிந்தது. சாயங்காலமானால் மொட்டை மாடியில் முப்பது பேர் சுற்றி நின்று கைதட்டிக் குதிக்கிறார்கள். கீழே நம்மவர் வீட்டு ஃபேன் ஆடுகிறது.

சந்தவை போனது. காளப்பட்டியும் காத்தோட்டமும் பேச்சில் வந்தன. மோட்டார் ரூம் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியவரை வீட்டுக்காரம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "ஏனுங்க, எங்க போறீங்க? மேல எங்க வாத்தியாருக்குத் தண்ணி வேணும்." அந்தம்மா கும்மியில் சேர்ந்து ஒரு மாதமாகிறது. மருதமலையில் அரங்கேற்றமாம், ஒரே நிறத்தில் சேலைகூட எடுத்தாயிற்றாம்.

அந்த வீட்டு மோட்டார் இப்போது ஒரு நாளும் ரிப்பேர் ஆவதில்லை. கோவையில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள், ஒப்பந்தப் பத்திரம் வாங்குவதற்கு முன்னால் நாலு அடவு கும்மி கற்றுக்கொள்வது நல்லது.