புள்ளிக்கும் லைனுக்கும் உள்ள வேறுபாடு: ஆண்டர்சன்பேட்டைச் சான்றுகளை முன்வைத்து

புள்ளி என்பது யாது, கோடு என்பது யாது என்ற கேள்வி ஏறத்தாழ 2,300 ஆண்டுகளாகத் தீராமல் கிடக்கிறது. புள்ளிக்குப் பாகம் கிடையாது, கோட்டுக்கு நீளம் உண்டு அகலம் கிடையாது என்று யூக்ளிட் வகுத்தார். இவற்றை எங்கே போய்ப் பார்ப்பது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. 1899இல் ஹில்பர்ட் இரண்டுக்கும் வரையறையே வேண்டாம், ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்று சொன்னால் போதும் என்று ஒதுங்கிக்கொண்டார். இப்பெருமக்கள் யாரும் கோலார் தங்கவயலில் தண்ணீர் பிடித்ததில்லை. குழப்பத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்களம் அத்தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃபுக்கும் மாரிகுப்பத்துக்கும் பக்கத்தில், கர்நாடகத்துக்குள் இருந்துகொண்டு தமிழ் பேசும் ஊர். முதற்சான்று குழாயடி.

தண்ணீர் வருவதற்கு வெகுநேரம் முன்பே குடங்கள் வந்துவிடும். குடத்துக்கு உரியவர் வரமாட்டார். குடம் கைவசம் இல்லாதவர் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவார்; செங்கல்லும் அகப்படாதவர் ஓட்டை டப்பாவையோ ஒற்றைச் செருப்பையோ வைப்பார். செங்கல்லில் தண்ணீர் பிடிக்க முடியாது என்பதை வைத்தவரும் அறிவார், பின்னால் நிற்பவரும் அறிவார். ஆயினும் அதை யாரும் எட்டி உதைப்பதில்லை. ஏனெனில் அது அப்போது செங்கல் அன்று, புள்ளி. இடம் உண்டு, அளவு இல்லை. அற்றேல், செங்கல்லுக்கு நீள அகலம் உண்டே என்னின், உண்டு. அது சுவர் கட்டுவதற்கு. வரிசையில் பெரிய அண்டாவும் ஒற்றைச் செருப்பும் பிடித்துக்கொள்வது ஒரே ஒரு நம்பரைத்தான் என்றவாறு.

ஒரு கோட்டில் எந்த இரு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு புள்ளி உண்டு என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். குழாயடியில் இத்தேற்றத்துக்கு நிரூபணம் கேட்பவர் இல்லை.

“இது யாரு கொடம்? இப்பதான் பாத்தேன், இங்க இல்லியே!”

“எங்க சின்னம்மாதுக்கா. காலையிலயே போட்டது. நீங்கதான் கவனிக்கல.”

சின்னம்மாவின் குடத்துக்கும் அக்காவின் குடத்துக்கும் நடுவில் சற்று நேரத்தில் சின்னம்மாவின் மருமகள் குடம் முளைக்கும். அதற்கும் இதற்கும் நடுவில் இன்னொன்று. கோட்டின் புள்ளிகளை வரிசையாக எண்ணித் தீர்க்க இயலாது என்று காண்டோர் 1874இல் நிறுவியது வேறு விஷயம், இடையில் புகுவது வேறு விஷயம் என்று கணிதம் படித்தவர்கள் திருத்துவார்கள். கடைசிக் குடத்துக்காரருக்கு அந்த வேறுபாடு புலப்படுவதில்லை.

இனி உறுதிப்பாடு. கணிதக் கோட்டிலிருந்து ஒரே ஒரு புள்ளியைப் பிடுங்கினால் போதும், கோடு இரண்டு துண்டு. குழாயடி லைனிலிருந்து ஒரு குடத்தை எடுத்துப் பாருங்கள். பின்னாலுள்ளவை காலாலேயே தள்ளப்பட்டு, குனிந்தவர் நிமிர்வதற்குள் இடைவெளி அடைபட்டுவிடும். வலிமையில் எது மேல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் முகவுரை. ஆய்வின் நடுநாயகமான கேள்வி இது: புள்ளிகள் சேர்ந்து கோடு ஆயினவா, அல்லது கோடு முந்தியதா? கோடு புள்ளிகளால் ஆனதன்று என்று அரிஸ்டாட்டில் வாதிட்டார். பிற்காலக் கணிதம் அவரைத் தள்ளிவைத்துவிட்டு, புள்ளிகளின் கூட்டமே கோடு என்று பாடநூலில் அச்சடித்துவிட்டது. தங்கவயல் அரிஸ்டாட்டில் பக்கம்.

குழாயடியையே பாருங்கள். முதல் குடம் வருமுன்பே லைன் அங்கே இருக்கிறது. எங்கே தொடங்கும், சாக்கடையை ஒட்டி எவ்வளவு தூரம் போகும், யார் வீட்டு வாசலை மறிக்காமல் எங்கே வளையும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். குடம் வந்து அதில் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவே.

நிலத்துக்கடியிலும் இதே கதைதான். தங்கம் பொதிந்த படிகக்கல் தாரை வடக்குத் தெற்காகப் பூமிக்குள் ஓடுகிறது. மேற்கு நோக்கிச் சாய்ந்து ஆழத்துக்குப் போகிறது. அகலம் அற்பம். அந்த அற்பத்திலிருந்துதான் ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் வந்தது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து இறங்கியபோது கோடு ஏற்கெனவே போட்டுக் கிடந்தது. முன்னோர் தோண்டிய பழங்குழிகள் அதன் தடத்தைக் காட்டின. தெற்கே மைசூர் சுரங்கம், அடுத்து சாம்பியன் ரீஃப், உரிகம், வடக்கே நந்திதுர்க் என்று அதன்மேல் புள்ளி வைத்ததுதான் கம்பெனி செய்த வேலை. பிறகு தொழிலாளர் குடியிருப்புகளும் லைன் லைனாகக் கட்டப்பட்டன. அங்கேயும் லைன் முதலில். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் பின்னால். பங்காரப்பேட்டை - மாரிகுப்பம் ரயில் பாதை 1894. சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் இழுத்த மின்கம்பி 1902. அதே சிவசமுத்திர மின்சாரத்தில் பெங்களூர் தெருவிளக்கு எரிய 1905 ஆயிற்று என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் கேட்காமலே சொல்வார்கள். நானும் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

சுரங்க ஷாஃப்ட் இந்த ஆய்வில் தனி இடம் பெறத் தக்கது. அலுவலக வரைபடத்தில் மேலிருந்து பார்த்தால் அது ஒரு புள்ளி. பக்கவாட்டு வரைபடத்தில் அதே பொருள் ஒரு கோடு. சாம்பியன் ரீஃபின் வேலைத்தளங்கள் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயின. புள்ளியா கோடா என்ற ஐயம் வரைபடம் பார்ப்பவருக்குத்தான். கூண்டில் இறங்கியவருக்கு அந்த ஐயம் வந்ததாகத் தெரியவில்லை.

எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த சான்றும் இதே சாம்பியன் ரீஃபில்தான் கிடைக்கிறது. மறைப்பது ஆய்வு நெறியாகாது. 1965இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, ஹீத்கோட் ஷாஃப்ட் வழியே எட்டும் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அடுக்கினார்கள். நியான் குழாய்கள் வரிசை வரிசையாக. மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று பாய்ந்தால் அதன் வழியிலுள்ள குழாய்கள் பளிச்சிடும். அந்த ஒளிப்பொட்டுகளை இணைத்துக் கோடு போட வேண்டும். கோடு செங்குத்தாக வந்தால் வானிலிருந்து பாறையைத் துளைத்து இறங்கிய மியூவானாக இருக்கலாம். படுக்கைவாட்டில் வந்தால் அவ்வளவு பாறையை மியூவான் தாண்டியிருக்க முடியாது. பக்கத்துப் பாறையில் நியூட்ரினோ மோதியதால் பிறந்தது. அப்படித்தான் வளிமண்டல நியூட்ரினோ அகப்பட்டது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இன்னொரு குழு கண்டது.

பார்த்தீரா, புள்ளிகளை இணைத்துத்தானே கோடு என்பார் எதிர்த்தரப்பினர். அன்று. துகள் தன் வழியே போய்விட்டது; போன பிறகு குழாய்கள் சாட்சி சொல்லின. சாட்சி பின்னால் வந்ததால் சம்பவமும் பின்னால் நடந்ததாகாது.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. நான்கு புள்ளிகளும் போயின. லைன் வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள். விடிவதற்குள் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறார்கள். 1894இல் போட்ட லைன் அதற்கு இன்னும் போதுமானதாக இருக்கிறது.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரும்பலகையில் சாக்பீஸால் அழுத்தி ஒரு பொட்டு வைத்து, இதற்கு அளவே கிடையாது என்று பிள்ளைகளிடம் இனியும் சொல்லாதீர்கள். அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். குழாயடிக்கு அழைத்துப் போங்கள். தண்ணீர் வரும் நாளாகப் பார்த்து அழைத்துப் போங்கள், ஆளுக்கொரு குடத்தோடு.