ஏ.என்.ஏ. பாசிட்டிவ்... அப்புறம்?

கே: எனக்கு ஏ.என்.ஏ. பாசிட்டிவ். என் கல்லீரலை என் உடம்பே தாக்குகிறதா? (திண்டுக்கல்)

ப: அதற்குள் என்ன அவசரம்? ஏ.என்.ஏ. என்பது நம் செல்லின் உட்கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடி. நோயே இல்லாத பலருக்கும் அது பாசிட்டிவாக வரும். கிருமி புகுந்தாலும் வரும். அதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதுவது, தெருவில் நின்றவனையெல்லாம் திருடன் என்று பிடித்துப்போகிற கதை.

கே: பின்னே ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் என்று எப்படி முடிவு கட்டுவார்கள்? (கோவை)

ப: 2008-ல் வந்த எளிய மார்க் முறை இருக்கிறது. ஆட்டோ ஆன்டிபாடி (சொந்த உடம்பையே எதிர்ப்பது), ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற ஆன்டிபாடிப் புரதத்தின் அளவு, பயாப்ஸி, வைரஸ் இல்லை என்ற உறுதி என நாலு பாடம். 6 எடுத்தால் பலத்த சந்தேகம், 7 எடுத்தால் உறுதி. கோட்டை விடுவது நாலாவது பாடத்தில்தான். ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் மட்டும் பார்த்துவிட்டு 'வைரஸ் இல்லை' என்று எழுதினால் எப்படி? ஏ, இ இரண்டும் வாசலிலேயே நிற்கின்றனவே!

கே: ஹெபடைடிஸ் இ-யா? கேள்விப்பட்டதே இல்லையே! (தேனி)

ப: டில்லிக்காரர்கள் குடித்தே பார்த்திருக்கிறார்கள். 1955-56-ல் யமுனைத் தண்ணீரில் சாக்கடை கலந்து, சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை. அப்போது கிருமிக்குப் பெயர்கூடக் கிடையாது. 1983-ல் சோவியத் விஞ்ஞானி மிகைல் பாலயான், நோயாளிகளின் மலக் கரைசலைத் தானே குடித்து, நோயை வாங்கிக்கொண்டு, தன் மலத்தில் வைரஸைக் கண்டார். உங்களுக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. ரத்தத்தில் ஐ.ஜி.எம். ஆன்டிபாடி டெஸ்ட், சந்தேகம் தீராவிட்டால் பி.சி.ஆர்.

கே: பீகாரில் பல வருஷம் இருந்த அண்ணனுக்கு விடாத காய்ச்சல், மண்ணீரல் வீக்கம். ஐ.ஜி.ஜி. எகிறிவிட்டது. ஏ.என்.ஏ.வும் பாசிட்டிவ். (சேலம்)

ப: காலா அசார் பார்த்தாயிற்றா? மணல் ஈ கடித்து வருவது. ஆட்டோஇம்யூன் வேஷம் அதற்கு அச்சாகப் பொருந்தும். அதைக் கண்டுபிடிக்கும் ஆர்கே39 ஸ்டிரிப்புக்கு விரல் நுனி ரத்தம் ஒரு சொட்டு போதும். இன்றே கேளுங்கள்.

கே: ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்போமே. குறைந்தால் ஆட்டோஇம்யூன்தானே? (மதுரை)

ப: ஹெபடைடிஸ் இ பெரும்பாலும் தானாகவே இறங்கும், பெயரை ஸ்டீராய்டு தட்டிக்கொண்டு போகும். காலா அசாரோ கொழுக்கும். தூங்குகிற ஹெபடைடிஸ் பி எழுந்து உட்காரும். குடலில் சத்தமில்லாமல் கிடந்த ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு உடம்பெங்கும் பரவி ஆளையே கொல்லும். 'கொடுத்துப் பார்ப்பது' மோர்க்குழம்புக்குச் சரி.

கே: அப்படியானால் ஸ்டீராய்டே ஆகாதா? (நாகர்கோவில்)

ப: யார் சொன்னது? நிஜமான ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸுக்கு பிரெட்னிசோலோன் உயிர் காக்கும். தள்ளிப்போட்டால் சிரோசிஸ்.

கே: கிருமி ஆட்டோஇம்யூன் வேஷம் போடுகிறது, சரி. இந்த ஏமாற்று வேலை தலைகீழாகவும் நடக்குமா? (புதுச்சேரி)

ப: நடந்திருக்கிறதே! 1989-ல் ஹெபடைடிஸ் சி வைரஸ் பிடிபட்டது. முதலில் வந்த டெஸ்ட், ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் குளோபுலின் (ஐ.ஜி.ஜி. போன்ற புரதம்) மிகுந்திருப்பதில் மயங்கிப் 'பாசிட்டிவ்' என்றது. ஸ்டீராய்டில் குளோபுலின் இறங்கியதும் பலருக்கு 'நெகட்டிவ்'!

கே: டாக்டரிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும்? (தஞ்சாவூர்)

ப: போன ஊர், குடித்த தண்ணீர், விழுங்கிய மாத்திரை எல்லாம். முக்கியமாகக் கஷாயம். கொரோனா காலத்தில் மும்பையில் சீந்தில் குடித்த சிலருக்கு, ஆட்டோஇம்யூன் போலவே கல்லீரல் வீங்கியதை 2021-ல் டாக்டர்கள் பதிவு செய்தார்கள். பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.