மதுரையிலிருந்து ரோமை ஆளும் முறை

1. பொருள்

ரோமை ஆளுதல் என்பது இங்கே ‘இம்பரேட்டர்: ரோம்’ என்னும் கணினி விளையாட்டில் ரோமானியக் குடியரசைத் தேர்ந்தெடுத்து, அதைப் பேரரசாக்க இரவில் விழித்திருப்பதைக் குறிக்கும். ஸ்வீடன் நாட்டின் பாரடாக்ஸ் நிறுவனம் இவ்விளையாட்டை 2019 ஏப்ரல் 25 அன்று வெளியிட்டது. ஆட்டம் கி.மு. 304இல் தொடங்கி கி.மு. 27இல் முடிகிறது. திரையில் ஆண்டுகள் கி.மு. கணக்கில் வருவதில்லை. ரோம் நகரம் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் ஆண்டிலிருந்து எண்ணி, 450 முதல் 727 வரை ஓடும். இந்த 277 ஆண்டுகளையும் ஆளும் ஒருவர், அதே காலத்தில் வீட்டுக்கு ரேஷன் வாங்கி வர முடியாது என்பது பொது விதி.

ரோமிலிருந்து மதுரை நேர்கோட்டில் ஏறத்தாழ 7,200 கிலோமீட்டர். ஆனையூர், வில்லாபுரம், ஒத்தக்கடை, திருமங்கலம் ஆகிய இடங்களிலிருந்து பார்த்தாலும் இத்தொலைவு பெரிதாக மாறுவதில்லை.

2. சொல்லாராய்ச்சி

விளையாட்டை வெளியிட்டவர்கள் அமைத்த விதிகளையும் நாடுகளையும் நிகழ்வுகளையும் ஆடுபவர்களே மாற்றி எழுதிச் சேர்க்கும் கோப்புத் தொகுதிக்கு ‘மாட்’ என்று பெயர். மதுரை வட்டாரத்தில் இச்சொல் மாட்டோடு குழம்பும். “ரெண்டு மாட் ஒண்ணுக்கொண்ணு முட்டுது” என்று பேரன் சொன்னால், ஒரே கோப்பை இரண்டு தொகுதிகள் மாற்ற முனைகின்றன என்று பொருள். “எங்கடா கட்டிருக்க?” என்று அப்பத்தா கேட்டால் அது அலங்காநல்லூர் வழக்கு. இருவர் கருத்தும் அடிப்படையில் ஒன்றே: முட்டுபவற்றை ஒரே தொழுவத்தில் கட்டக் கூடாது.

பழந்தமிழில் மாடு என்பதற்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. மாட்கள் இலவசமாகவே கிடைப்பதால் அப்பொருள் இங்கே பொருந்தாது.

மாட் புதிய பழக்கம் என்பதும் பிழை. கோயில் மண்டபத் தரையில் கோடு கீறி ஆடும் ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து என்பது பரவலான கணக்கு. ஆனால் எந்த ஊரிலும் அந்த ஊர்க்கணக்கே சரி. தாயத்தில் காய் இறங்கத் தாயம் விழுந்தே ஆக வேண்டுமா, வெட்டினால் மறு ஆட்டம் உண்டா என்பவை தெருவுக்குத் தெரு மாறும். தோற்பவர் வீட்டு மூத்தவர் எழுந்து வந்தால் ஆட்டத்தின் நடுவிலேயே மாறும். மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் உள்ள கீழடி அகழாய்வில் தாயக்கட்டையும் சுடுமண் வட்டச்சில்லுகளும் கிடைத்துள்ளன. அவற்றை வைத்து ஆடிய விதிகள் மண்ணுக்குள் கிடைக்கவில்லை. ஆடியவர்களுக்குள் அவை குறித்துச் சண்டை நடந்திருக்கும் என்று மட்டும் துணிந்து சொல்லலாம்.

‘இம்பரேட்டர்’ ஆட்டத்தை வளர்க்கும் பணியை நிறுவனம் 2021இல் நிறுத்திக்கொண்டது. ஆர்வலர்கள் அதைத் தாங்களே எடுத்து நடத்தினர். அவர்கள் உருவாக்கிய ‘இன்விக்டஸ்’ என்ற மாட்தான் இன்று பெரும்பாலோர் பூட்டி ஆடுவது. இன்விக்டஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு வெல்லப்படாதவன் என்று பொருள். முதலாளி கைவிட்ட தறியை நெசவாளிகளே ஓட்டுவது போன்றது இது. கூலி மட்டும் கிடையாது.

3. கருவியும் காலமும்

தேவையானவை: அசெம்பிள் செய்த கணினி ஒன்று, யு.பி.எஸ். ஒன்று, கால் பக்கம் திருப்பிய மேசை விசிறி ஒன்று. அக்னி நட்சத்திரக் காலத்தில் விசிறி கணினிப் பெட்டியின் பக்கம் திரும்பும், ஆடுபவர் வியர்ப்பார். மாட் பூட்டிய ஆட்டம் திறக்கச் சில நிமிடங்கள் ஆகும். அந்த இடைவெளியில் ஒரு டீ குடிக்கலாம்; தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாளானால் இரண்டு குடம் பிடிக்கலாம்.

தூங்கா நகரம் என்ற பெயர் மதுரைக்கு இரவுக் கடைகளால் வந்தது என்பர். ரோமை ஆளுவோரும் அப்பெயரைத் தாங்கிப் பிடிப்பவர்களே. படையெடுப்பு இரவு பத்தரைக்குத் தொடங்கும். “இந்தப் போர் முடிஞ்சதும் படுத்துர்றேன்” என்ற உறுதிமொழி பன்னிரண்டு மணிக்கு வழங்கப்படும். போர் முடிந்ததும் சமாதான ஒப்பந்தம், அது முடிந்ததும் கைப்பற்றிய ஊருக்கு ஆளுநர், அவர் அமர்ந்ததும் அடுத்த நாட்டின் எல்லை. பால் வண்டிச் சத்தம் கேட்கும்போது கார்த்தேஜ் விழுந்திருக்கும்.

மாதாந்திரப் பராமரிப்புக்கென மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிந்து வைப்பது படைத்தலைவரின் முதற்கடமை. சேவ் செய்யாத வெற்றி வெற்றியாகாது.

4. படிநிலைகள்

முதல் நிலை இத்தாலி. சாம்னியரும் எத்ருஸ்கரும் அருகிலேயே இருப்பதால் இப்பகுதி பங்காளிச் சண்டையை ஒத்தது: எல்லை சிறியது, பகை பெரியது. இரண்டாம் நிலை கார்த்தேஜ். இங்கே கப்பல் வேண்டும். வைகைக் கரையில் வளர்ந்தவருக்குக் கப்பல் படை பழகக் கொஞ்சம் நாளாகும். மூன்றாம் நிலை மாசிடோனியாவும் கிரேக்க நகரங்களும். நான்காம் நிலை எகிப்தும் செலூக்கியப் பேரரசும். அலெக்சாந்தரின் தளபதிகள் பங்கு பிரித்துக்கொண்ட இந்நாடுகளைக் கைப்பற்றும்போது ஆட்டம் எளிதாவதுபோல் தோன்றும், அங்கேதான் கடினமாகிறது.

காரணம், மண்ணைப் பிடிப்பதும் மக்களை வைத்துக்கொள்வதும் வேறுவேறு வேலைகள். வேற்றுப் பண்பாடும் வேற்றுத் தெய்வமும் கொண்ட மக்கள் மனக்குறையோடு இருப்பார்கள். அடிக்கடி நாடு பிடித்தால் அண்டை நாடுகளின் வெறுப்பு ஏறும். அது தணியச் சில ஆண்டுகள் சும்மா இருக்க வேண்டும். வெற்றி பெற்ற தளபதியிடம் படை விசுவாசம் கொள்ளும், அரசிடம் அல்ல. அவர் மனம் கோணினால் படையைத் திருப்பிக்கொண்டு நிற்பார், உள்நாட்டுப் போரும் வரும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைப் பிடித்தவரே பந்தியை ஆள்கிறார் என்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல.

5. செனட்

ரோம் குடியரசு என்பதால் ஆடுபவர் நினைத்ததெல்லாம் நடக்காது. போர் அறிவிக்க செனட்டின் ஆதரவு வேண்டும். செனட்டில் கட்சிகள் உண்டு. ஆதரவு குறைந்தால் எடுத்த காரியம் தடைபடும்.

மதுரை வீடுகளில் இதற்கு இணையான அவை ஒன்று அடுத்த அறையிலேயே கூடுகிறது. அதில் அப்பா கருவூலத்தை வைத்திருப்பார். அம்மா உணவு வழங்கலை நிறுத்தும் அதிகாரம் உடையவர். அப்பத்தா எந்தக் கட்சியிலும் சேராமல் எல்லாத் தீர்மானத்தையும் எதிர்ப்பார். “மணி ரெண்டாச்சு, இன்னும் எவன் நாட்டப் புடிக்கிறவன் நீ?” என்பது இந்த அவையின் வழக்கமான கண்டனத் தீர்மானம். ரோமானிய செனட்டைச் சலுகை கொடுத்துச் சரிக்கட்டலாம். இந்த அவையைக் காலையில் கறி வாங்கி வந்து கொடுத்தாலும் சரிக்கட்ட முடிவதில்லை.

6. பாண்டிய நாட்டுச் சிக்கல்

இவ்விளையாட்டின் வரைபடம் இந்தியாவையும் உள்ளடக்கியது. மௌரியப் பேரரசு வடக்கே மிகப் பெரியதாய் நிற்கும். தெற்கே சேர, சோழ, பாண்டியர் தனித்தனி நாடுகளாக இருப்பர். எனவே கிழக்கே நடந்துகொண்டே இருக்கும் ரோமானியப் படை என்றாவது ஒரு நாள் ஆடுபவரின் சொந்த ஊர் வாசலுக்கு வந்து நிற்கும். உலகின் பிற பகுதிகளில் ஆடுவோருக்கு இது 277 ஆண்டு ஆட்டத்தின் இன்னொரு முற்றுகை. மதுரையில் ஆடுவோருக்கு இது அறச்சிக்கல்.

இச்சிக்கலைத் தீர்க்கும் முறையில் மூன்று பள்ளிகள் உள்ளன. முதற்பள்ளியினர் மௌரியரை வென்றதும் படையை நிறுத்தி, பாண்டியனை வாழ விடுவர். அசோகரின் கல்வெட்டுகள் சோழ, பாண்டியரைத் தம் ஆட்சிக்கு வெளியே உள்ளவர்களாகவே குறிப்பிடுவதை இவர்கள் சான்றாகக் காட்டுவர். இரண்டாம் பள்ளியினர் மதுரையைப் பிடித்து, கையிருப்பை அங்கேயே கொட்டி நகரைப் பெருக்குவர். மூன்றாம் பள்ளியினர் படையெடுப்புக்கு முன் தனியாக ஒரு சேவ் வைத்துக்கொண்டு, பிடித்துப் பார்த்து, மனம் பொறுக்காமல் பழைய சேவுக்குத் திரும்புவர். எண்ணிக்கையில் மூன்றாம் பள்ளியே பெரிது. ஒப்புக்கொள்வதில் அதுவே சிறிது.

தொலைதூர நாட்டோடு தூதுறவு கொள்ள ஆட்டத்தில் எல்லை வரையறை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் இருப்பவரோடு பேசவும் முடியாது, வணிகம் செய்யவும் முடியாது. ஆகவே ரோம் மதுரையோடு பேச வேண்டுமானால், இடையில் உள்ளவர்களை வென்றுகொண்டு பக்கத்தில் வர வேண்டும்.

7. உண்மை ரோம் எடுத்த வழி

வரலாற்று ரோம் இவ்வளவு சிரமப்படவில்லை. கி.மு. 30இல் எகிப்து அதன் கைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் எகிப்தைச் சுற்றிப் பார்த்த கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, மயோஸ் ஹார்மோஸ் துறைமுகத்திலிருந்து 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்படுவதைக் குறிப்பிடுகிறார். பாண்டியன் அகஸ்டஸுக்குத் தூதும் பரிசும் அனுப்பிய செய்தியும் அவர் நூலில் உண்டு. அனுப்பியவன் போரஸ் என்பாரும் இருந்ததாக அவரே சொல்கிறார். தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்தால் செங்கடல் வாயிலிலிருந்து முசிறிக்கு 40 நாள் என்பது ரோமானிய எழுத்தாளர் பிளினி தரும் கணக்கு. பாண்டியன் தன் துறைமுகத்திலிருந்து வெகு தொலைவில், உள்நாட்டில் மொதுரா என்னும் ஊரில் இருப்பதையும் அவர் பதிவு செய்கிறார். ஆட்டத்தில் இதே இடத்துக்கு வர, ஆடுபவருக்குப் பல வாரம் தூக்கம் போகிறது.

வந்த ரோம் வாளை நீட்டவில்லை, பையை அவிழ்த்தது. மிளகும் முத்தும் வாங்கிற்று. ஆண்டுதோறும் இந்தியாவுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் போகிறது என்று பிளினி புலம்பினார். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் மட்டும் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. வைகை மணலில் கிடைத்த சிறு செப்புக் காசுகள் பிற்கால ரோமைச் சேர்ந்தவை.

மேற்கிலிருந்து வந்தவர்களை யவனர் என்றே தமிழ் பொதுவாக அழைத்தது. அவர்கள் மதுரைக் கோட்டை வாயிலில் வாளேந்தி நின்றதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. நின்றது முற்றுகையிட அல்ல, காவல் காக்க. ஆட்டத்தில் எந்த வாயிலை உடைக்க ஒரு படை இத்தாலியிலிருந்து நடந்து வருகிறதோ, அதே வாயிலில் யவனன் கூலிக்கு நின்றிருக்கிறான்.

8. முடியும் காலம்

727ஆம் ஆண்டில், அதாவது ஆக்டேவியன் அகஸ்டஸ் என்ற பட்டம் பெற்ற கி.மு. 27இல், ஆட்டம் நிற்கும். மதுரைக்கும் ரோமுக்கும் உறவு சூடுபிடிக்கும் காலம் அதன் பிறகே வருகிறது. பாண்டியன் தூதர்கள் மூட்டை கட்டும் நேரத்தில் திரை அணைந்துவிடுகிறது. இக்குறையைத் தீர்க்க, காலத்தைப் பல நூற்றாண்டுகள் நீட்டும் மாட்களும் உண்டு. அவற்றைப் பூட்டினால் ஆட்டம் அகஸ்டஸைத் தாண்டி ஓடும். படுக்கும் நேரமும் அதற்கேற்பத் தள்ளிப்போகும். நீட்டிப்புக்கு ரோமானிய செனட்டின் ஒப்புதல் தேவையில்லை. அடுத்த அறை செனட்டின் ஒப்புதல் தேவை.