மடிக்கணினிக்குள் நாற்பதாம் நம்பர்

ராஜபாளையத்து மில் ஒன்றில் கணக்கெழுதும் ஒருவரின் மடிக்கணினிக்கு நாள் பார்த்துச் சாகும் வழக்கம் இருந்தது. மாதம் முழுக்க ஒழுங்காக உழைக்கும். இருபதாம் தேதி சாயங்காலம், ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்யும் கடைசி நேரத்தில், திரை பொசுக்கென்று இருண்டுவிடும். பிழைச் செய்தியும் கிடையாது, முன்னறிவிப்பும் கிடையாது. கொஞ்ச நேரம் கழித்துப் பொத்தானை அமுக்கினால் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து கடவுச்சொல்லைக் கேட்கும்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்தே இருபதாம் தேதி என்றால் கணக்கர்களுக்கு வயிற்றைக் கலக்கும். தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய். கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. அதைவிட, முதலாளிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.

ஊரில் வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. மைத்துனர் வைரஸ் என்றார். பக்கத்து மேஜைத் தம்பி, "ஃபார்மட் அடிச்சிருங்க சார், எல்லாம் சரியாயிரும்" என்றான். கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் தமிழ்நாடு முழுக்க முதலில் சொல்லப்படுவது இதுதான். அடித்தார்கள். பிள்ளையின் காதுகுத்துப் படங்கள் போயின, நோய் போகவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து எர்த் சரியில்லை என்று சொல்லி, வாசலில் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி மூடிவிட்டுப் போனார். அந்த எர்த் இன்றைக்கும் அருமையாக இருக்கிறது. சார்ஜர் மாட்டாமல் பேட்டரியில் ஓடும்போதும் மடிக்கணினி அணைந்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை. இன்னொருவர் ரேமைக் கழற்றி, அதன் தங்கநிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினார். இது சிரிக்க வேண்டிய வைத்தியமில்லை. விளிம்பில் படிந்த அழுக்கு போனதும் உயிர் வந்த கணினிகள் உண்டு. இங்கே பலிக்கவில்லை, அவ்வளவுதான்.

"ஏங்க, அது சுடுது. கொஞ்ச நேரம் சும்மா விடுங்க" என்றார் மனைவி. அவர் கம்ப்யூட்டர் படித்தவரல்ல என்பதால் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விண்டோஸ் தனக்கென ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. ஈவன்ட் வியூவர் என்று பெயர். கணக்கர் ஆயிற்றே, ஏட்டைப் புரட்டாமல் விடுவாரா? ஒவ்வொரு சாவுக்கும் நேராக ஒரே பதிவு: கெர்னல்-பவர், எண் 41, சிவப்புக் குறியுடன். ஆவலாக விரித்துப் படித்தால், கணினி முறைப்படி மூடப்படாமல் மறுபடி தொடங்கியிருக்கிறது என்று போட்டிருந்தது. அது அவருக்கே தெரியும். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரே அவர்தான். ஆனால் உள்ளே ஒரு துப்பு இருந்தது. 'பக்செக் கோட்' என்ற இடத்தில் பூஜ்யம். விண்டோஸ் தானே முறிந்து விழுந்திருந்தால் பெரும்பாலும் அங்கே ஏதாவது ஓர் எண் இருக்கும். பூஜ்யம் என்றால், பெரும்பாலும் விண்டோஸுக்கே தெரியாமல் மின்சாரம் நின்றிருக்கிறது.

இந்த இரண்டு சாவையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதி ரிப்பேர்க் காசு போகிறது. நீலத்திரை என்பது விண்டோஸ் கையைத் தூக்கிவிட்டதற்கான வாக்குமூலம். 1998 ஏப்ரல் 20 அன்று காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்கும்போதே, விண்டோஸ் 98 ஸ்கேனர் ஒன்றை மாட்டியதும் நீலமாகிப் பல்லை இளித்தது. 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்தில் மாட்டிக்கொண்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மில்லின் பழைய கணக்குப்பிள்ளை அந்தக் கையெழுத்துப் பாஸின் படத்தைப் பார்த்து அடைந்த திருப்தியை விவரிக்க முடியாது. ஆனால் அதெல்லாம் மென்பொருள் கோளாறு. எந்த நிறமும் காட்டாமல் பட்டென்று அணைவது பெரும்பாலும் மின்சாரத்தின் வேலை, அல்லது சூட்டின் வேலை. 2025இல் மைக்ரோசாஃப்ட் அந்த நீலத்தையும் கறுப்பாக மாற்றிவிட்டது. இனி போனில் "திரை கறுப்பாயிருச்சு" என்றால், எந்தக் கறுப்பு என்று மெக்கானிக் கேட்க வேண்டும்.

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனார். பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஆண்டாள் கோயிலின் பதினோரு நிலைக் கோபுரம் கண்ணில் பட்டு, பால்கோவாக் கடைகளைத் தாண்டினால் ஒரு சந்தில் ஏ.சி. போட்ட சின்னக் கடை. உள்ளே நுழைந்ததும் இயந்திரம் பரம சாது. "நல்லாத்தானே சார் ஓடுது?" என்றார் மெக்கானிக். அரைக்கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பினார். அடுத்த இருபதாம் தேதி திரை இருண்டது. மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர், மறுபடி "நல்லாத்தானே சார் ஓடுது". வீட்டில் பால்கோவாவுக்கு மட்டும் குறைவில்லை.

பிறகுதான் மெக்கானிக்குக் கேட்க வேண்டிய கேள்வி தோன்றியது. "இருபதாம் தேதி என்னென்ன தெறந்து வப்பீகளோ, அத்தனையும் இப்ப தெறங்க சார்." டேலி, எக்ஸெல் கோப்புகள், மூட மறந்த டேப்கள் எல்லாம் திறந்தன. மெக்கானிக் எழுந்துபோய் ஏ.சி.யை நிறுத்தினார். இது பெரிய சூட்சுமம். அறை 25 டிகிரியிலிருந்து 38க்குப் போனால், உள்ளே ப்ராசஸரின் சூடும் ஏறக்குறைய அதே அளவு கூடும். திரையின் ஓரத்தில் ஓடிய எண் 88, 93, 97 என்று ஏறியது. பெரும்பாலான மடிக்கணினி ப்ராசஸர்களுக்கு வரம்பு 100 டிகிரி வாக்கில் இருக்கும். அதை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துச் சமாளித்துப் பார்க்கும். முடியாவிட்டால், வெந்து போவதற்கு முன் தன் மின்சாரத்தைத் தானே துண்டித்துக்கொள்ளும். கடைக்குள் எல்லோரும் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்க, திரை இருண்டது.

"பால் பொங்கிருச்சு சார்" என்றார் மெக்கானிக். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் வேறெப்படிச் சொல்வார்.

அடிமூடியைக் கழற்றினார். விசிறி பழுதில்லை, சுற்றியது. விசிறி தள்ளும் காற்று செப்புத் தகடுகளின் இடுக்குகள் வழியாக வெளியேற வேண்டும். அந்த வாய்க்கு முன்னால் வெள்ளையாக ஒரு பட்டை, விரல் அகலத்துக்கு, அழுத்தமாகப் படிந்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது கிழியாமல் முழுசாக வந்தது. வெளியிலிருந்து எத்தனை முறை ஊதினாலும் அது அசையாது. காற்று போகும் வழியை உள்பக்கமிருந்து அடைத்துக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்தது.

அது என்ன என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. கணக்கர் வீட்டில் ராஜபாளையம் நாய் உண்டு. பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, 2005இல் தபால்தலையில் இடம்பிடித்த சாதி. அந்தப் பெருமையில் அது சோபாவை விட்டு இறங்குவதில்லை. மடிக்கணினியும் பெரும்பாலும் அதே சோபாவில்தான். நாய் முடிதான் என்றார் கணக்கர். மில்லிலிருந்து நீங்கள் கொண்டுவந்ததுதான் என்றார் மனைவி. பட்டையைத் தாளில் மடித்து மில்லுக்கு எடுத்துப்போய் மேஸ்திரியிடம் காட்டினார். மேஸ்திரி கண்ணாடியைக் கூடப் போடவில்லை. ஒரு நுனியைப் பிய்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து முறுக்கினார். விரல்களுக்கு நடுவே மெல்லிய இழை நீண்டது. "நாய் முடி இப்பிடி முறுக்கு ஏறாது சார். நம்ம பஞ்சுதான். நாப்பதாம் நம்பர் ஓட்டலாம்." ஒரு பவுண்டுக்கு 840 கஜ நீளச் சிட்டங்கள் நாற்பது கிடைத்தால் அது நாற்பதாம் நம்பர் நூல். மடிக்கணினிக்குள் அத்தனை தேறாது. ஆனால் தரத்தில் குறையில்லை என்று தீர்ப்பாயிற்று. நாய் விடுதலையானது.

மில்லில் ஸ்பின்னிங் ஃப்ரேம்களுக்கு மேலே தண்டவாளம் போட்டு, பறக்கும் பஞ்சை ஊதியும் உறிஞ்சியும் போகும் ஓவர்ஹெட் கிளீனர் ஷிப்ட் முழுக்க ஓடும். கணக்கறைக்கு அந்த வசதி இல்லை. ஜன்னல் மட்டும் உண்டு. மனிதனுக்கும் பஞ்சுத் தூசு ஆகாதுதான். நாள்பட்டு அதைச் சுவாசிப்பவர்களுக்கு வரும் பிஸினோசிஸ் நோயில், விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும். திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே அதற்குப் பெயர். மடிக்கணினியாவது மூச்சு முட்டினால் அணைந்து கொள்கிறது.

காய்ந்து போயிருந்த தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவி மூடியதும், அதே டேலி, அதே டேப்கள், ஏ.சி. இல்லாத அறை, எண் எழுபதைத் தாண்டவில்லை. மில் ஃபிட்டர், "இதுக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் போனீக? கம்ப்ரஸர்ல ஒரு அடி அடிச்சிருந்தா போயிருக்குமே" என்று வருத்தப்பட்டார். நல்லவேளை, அவரிடம் முதலில் போகவில்லை. மில் கம்ப்ரஸர் காற்றில் அந்தக் குட்டி விசிறி அளவுமீறிச் சுழன்று பேரிங் போயிருக்கும்; ஊதித்தான் ஆக வேண்டுமென்றால் விசிறி இதழை விரலால் பிடித்துக்கொண்டு, மெல்ல ஊத வேண்டும்.

ஃபிட்டர் மனம் தளரவில்லை. கார்டிங், சிம்ப்ளெக்ஸ், ஸ்பின்னிங் என்று போகும் பராமரிப்பு அட்டவணையின் அடியில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டியதாக 'கணக்கு மெஷின் - 1' என்று பேனாவால் சேர்த்துவிட்டார். அடுத்து வந்த தணிக்கையாளர் அந்த வரியில் விரலை வைத்து, இந்த மெஷினில் எத்தனை கதிர் ஓடுகிறது என்று கேட்டார்.