பெயர் சேர்க்கும் படலம்

டோக்கியோ இருக்கிறது. ஃபூஜி மலை இருக்கிறது. இதையெல்லாம் பார்க்கவா ஐயா ஜப்பானிய-ஆங்கில அகராதியைத் திறக்கிறோம்?

நேற்று ராத்திரி மொழிபெயர்ப்புக்கு வந்த கடிதத்தின் அடியில், அனுப்பியவர் பெயராக நாலு எழுத்து. அகராதி ‘ஏப்ரல் 1’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ஒசாகாப் பெரியவர் ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டேன். ‘வதானுகி’ என்ற குடும்பப் பெயராம். பழைய பஞ்சாங்கப்படி குளிர்கால உடுப்பிலிருந்து பஞ்சை உருவும் நாள் அது. எழுதுவது தேதி, வாசிப்பது பஞ்செடுப்பு. இதற்கு அகராதியில் இடமில்லை.

எந்தப் பெயரைச் சேர்க்கலாம் என்பதுதான் கேள்வி. 1991இல் ஜிம் பிரீன் தொடங்கிய மின்னகராதியைப் பாருங்கள். அங்கே பெயர்களைத் தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்கள். 7 லட்சத்துக்கும் மேல். அப்படியும், கூட்டுக் குடும்பத்தில் யார் யார் தங்கலாம் என்ற தகராறு ஓயாது. ஆளுக்கொரு சொந்த ஊர் இருக்கிறதே! புது அகராதி வாங்கியதும் நாம் முதலில் எதைத் தேடுகிறோம்? சரி, விடுங்கள்.

ஜப்பானியர்களே தலையில் வைத்துக் கொண்டாடும் ‘கோஜியென்’ இருமொழி அகராதி அல்ல. ஆனாலும் அதன் விதி அலாதி. ஜப்பானியர் என்றால், உயிரோடிருக்கும்வரை இடமில்லை. நோபல் வாங்கினாலும் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டார் மட்டும் மூச்சோடு நுழையலாம். செத்தால் மட்டும் போதுமா? பதிப்பும் வரவேண்டும். ஆறாம் பதிப்பு 2008, ஏழாம் பதிப்பு 2018. நடிகர் தகாகுரா கென் 2014இல் காலமானார், ஏழாம் பதிப்பில் ஏறிவிட்டார். பதிப்பு வெளிவந்தது ஜனவரியில். பிப்ரவரியில் போனவர் கதி? எட்டாம் பதிப்புவரை அந்தரத்தில் ஆவியாக அலைய வேண்டியதுதான். அந்நாட்டுப் பிரபலங்கள் நாள் நட்சத்திரத்தோடு அச்சக அட்டவணையையும் பார்த்துச் சாக வேண்டும். ஆசிரியர் குழு காலையில் பேப்பரை எந்தப் பக்கத்திலிருந்து படிக்கும் என்று நினைக்கிறீர்கள்? உடம்பு சரியில்லாத மாஜி பிரதமரைப் பார்க்க, கையில் ஆரஞ்சுப் பழத்தோடு துணையாசிரியர் யாராவது வந்து நின்றால் வீட்டார் கதவைத் திறப்பார்களா?

வேடிக்கை இருக்கட்டும். எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். அதுதான் தொல்லை.

ஊர்ப் பெயராவது ஒழுங்காக இருக்குமா என்றால், ஹிரோஷிமா மாகாணத்தில் ஃபுச்சூ என்று ஒரு நகரம். அதே மாகாணத்தில் ஃபுச்சூ என்று ஒரு சிற்றூராட்சி. டோக்கியோ பக்கம் மூன்றாவதாக இன்னொரு ஃபுச்சூ. இந்த மூன்று ஊர்க்காரர்களும் உட்கார்ந்து ‘எங்கள் ஊர்தான் முதலில்’ என்று பேசி முடிக்கட்டும். அந்தக் கூட்டத்துக்கு நான் வரவில்லை.