பரவைக்காரர்களே, காருக்குப் பழகுங்கள்

மதுரைக்குப் பக்கத்துப் பரவை மக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் வழியாக இப்போது அறிவுள்ள கார்கள் போகின்றன. இருபது லட்சம், முப்பது லட்சம் கொடுத்து வாங்கிய மின்சாரக் கார்கள். முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, பம்பருக்குள் ரேடார். அவ்வளவு இருந்தும் அவற்றுக்கு உங்களைப் புரியவில்லை. ஆகவே, நீங்கள் மாறிக்கொள்ளுங்கள்.

மார்க்கெட்டிலிருந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் கத்திரிக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, நடுவே தலை மட்டும் தெரியக் கிளம்பும் அண்ணன்மார்கள் இனி முழு மனித உருவில் வர வேண்டும். மூட்டை வண்டி ஓட்டுவதை அந்தக் கேமராவுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கட்டும். கை காட்டிய இடத்தில் நிற்கும் பழக்கத்தை ஷேர் ஆட்டோக்காரர்கள் விட்டுவிடட்டும். ஆபத்து என்றால் அந்தக் கார் “பீப்” என்று ஓர் ஒலி எழுப்பும், அதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மாவின் ஊரில் அதெல்லாம் ஒரு சத்தமா என்று கேட்காதீர்கள்.

முன்னால் போகும் வண்டிக்குப் பின்னால் ஒழுங்காக இடைவெளி விட்டுப் போவது இந்தக் கார்களின் பெருமை. விளாங்குடிக்கும் சமயநல்லூருக்கும் நடுவே இடைவெளி விடுவது வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். முதலில் ஒரு பைக் நுழையும். கார் மரியாதையாக வேகத்தைக் குறைத்துப் புது இடைவெளி விடும். அதில் ஷேர் ஆட்டோ வரும். மறுபடியும் விடும். அதில் டவுன் பஸ் மூக்கை நுழைக்கும். இப்படி விட்டுக்கொடுத்தே போனால் ஆரப்பாளையம் கிளம்பியவர் திண்டுக்கல்லில்தான் போய் நிற்பார்.

என் மைத்துனர் அப்படி ஒரு கார் வைத்திருக்கிறார். ஒரு விடியக்காலை மார்க்கெட் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தோம். ஓரமெல்லாம் முட்டைக்கோஸ் இலை, லோடு இறக்கும் லாரிகள். ஒரு மொபெட் குறுக்கே வெட்டியது. நம் ஊர்க் கணக்கில் அது தாராளமான தூரம்தான். கார் அலறியது, திரை சிவந்தது, சீட் பெல்ட் நெஞ்சை இறுக்கியது. நடுரோட்டில் சடாரென்று நின்றுவிட்டது. பின்னால் வந்த குட்டியானை ஒரு சாண் தூரத்தில் பிரேக் பிடித்ததில் இரண்டு பெட்டி சரிந்து ரோடெல்லாம் தக்காளி. டிரைவர் இறங்கி வந்தார்.

“என்னத்தைக் கண்டுய்யா நடுரோட்டுல நிப்பாட்டுன?”

“நான் நிப்பாட்டலண்ணே. வண்டி அதுவா நின்னுக்கிருச்சு.”

“அப்ப நீ எதுக்குய்யா உள்ள உக்காந்திருக்க?”

இதற்குப் பதில் கையேட்டில் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் இந்த வசதிகளுக்கு ‘லெவல் 2’ என்று பெயர். பூஜ்யத்தில் தொடங்கி 5 வரை போகும் ஏணியில் 2 என்று எண் போட்ட படி. ஸ்டியரிங்கைத் திருப்பும், பிரேக் பிடிக்கும், ஆனால் பொறுப்பு முழுக்க ஓட்டுநருடையது. பிரேக் பிடிப்பது அது, வழக்கு வாங்குவது நீங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பது அதற்குத்தான்.

அமெரிக்காவில் இந்தக் கதை அப்படியே எடுபடவில்லை. 2019-ல் புளோரிடாவில் இதே மாதிரி வசதியை நம்பி டெஸ்லா ஓட்டியவர் கீழே விழுந்த செல்போனைத் தேடிக் குனிந்தார். ஓரமாக நின்ற வண்டியில் கார் மோதி ஓர் இளம்பெண் இறந்தார். குனிந்தவர் மேல்தான் பெரும் தப்பு என்று சொன்ன ஜூரி, 33 சதவீதத்தைக் கம்பெனியின் தலையில் கட்டியது. 2025 ஆகஸ்டில் வந்த அந்தத் தீர்ப்பில் டெஸ்லாவுக்கு விதித்த தொகை சுமார் 24 கோடி டாலர். நம் பணத்தில் இரண்டாயிரம் கோடிக்கு மேல். நமக்கோ தக்காளிக்கான காசை அங்கேயே எண்ணிக் கொடுப்பதோடு நீதி முடிந்துவிடுகிறது.

ஓட்டுநர் இல்லாத காரை இந்தியாவுக்குள் விடவே மாட்டேன், ஓட்டுநர்கள் பிழைப்பு போய்விடும் என்று 2023-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி சொன்னார். அவர் வீணாகக் கவலைப்படுகிறார். அப்படிப்பட்ட காரை வரவிடாமல் தடுக்கிற வேலையை அவருடைய அமைச்சகமும் மாநில நெடுஞ்சாலைத் துறையும் உள்ளாட்சிகளும் சேர்ந்து ரோட்டிலேயே செய்து முடித்துவிட்டன.

லேன் பிடித்துப் போகும் வசதி வெள்ளைக் கோட்டை நம்பித்தான் இருக்கிறது. கோடு தேய்ந்து வருஷமாகியிருக்கும். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய தழும்பைக் கோடென்று நம்பி, கார் ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் இழுக்கிறது. வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 விதி. நம் தெருக்களில் ஒரு சட்டி சிமென்ட் மிச்சமானால் வேகத்தடை. பட்டையும் கிடையாது, பலகையும் கிடையாது. மின்சாரக் காருக்கு உயிரே அடிவயிற்றில் இருக்கிறது, அந்த பேட்டரி உரசும் சத்தம் கேட்டால் மைத்துனருக்கு முகம் வெளுத்துவிடும்.

காருக்குள் இருப்பவருக்காவது முகம்தான் வெளுக்கும். 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர், தமிழ்நாட்டில் மட்டும் 17,884. நாடு முழுக்க அப்படிச் செத்தவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள், கிட்டத்தட்ட 20 சதவீதம் பேர் நடந்து போனவர்கள். ரேடாரும் கேமராவும் காற்றுப்பையும் இவர்களுக்கு எந்த ஷோரூமிலும் கிடைக்காது. கிடைக்கக்கூடியது ஒரு கோடு, ஒரு நடைபாதை, எரிகிற ஒரு விளக்கு. அதற்குத்தான் பணமில்லை என்கிறார்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 198ஏ பிரிவு. சாலையைச் சரியாகப் போடாமல், பராமரிக்காமல் விட்டு, அதனால் ஒருவர் செத்தாலோ ஊனமானாலோ அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ அபராதம் உண்டு. எவ்வளவு? அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய். அதுவும் செத்தவர் வீட்டுக்குப் போகாது, அரசின் நிதிக் கணக்குக்குப் போகும். ஓர் உயிருக்கு அரசாங்கம் எழுதி வைத்திருக்கும் இந்த உச்ச விலைக்கு மைத்துனர் காரின் பேட்டரி கூட வராது. ஹெல்மெட் போடாத கூலிக்காரரிடம் மட்டும் ஆயிரம் ரூபாயைத் தப்பாமல் பிடிக்கும் அரசாங்கம் இது.

அடுத்ததாக பஸ்ஸுக்கும் லாரிக்கும் லேன் தாண்டினால் எச்சரிக்கும் கருவியைக் கட்டாயமாக்க 2025-ல் மத்திய அரசு வரைவு அறிவிப்பு வெளியிட்டது. நல்லது, வரட்டும். தாண்டுவதற்கு ஒரு கோட்டையும் யாராவது போட்டுக் கொடுங்கள். திறப்பு விழாக் கல்வெட்டில் அமைச்சர் முதல் வார்டு உறுப்பினர் வரை பெயர் செதுக்கத் தெரிகிறது அல்லவா? கோடில்லாத ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அந்தப் பகுதிப் பொறியாளர் பெயரையும் ஒப்பந்ததாரர் பெயரையும் போன் நம்பரோடு எழுதி வையுங்கள் பார்ப்போம். வைப்பார்கள். பலகைக்கு டெண்டர் விடுவார்கள், அதே ஒப்பந்ததாரர் எடுப்பார், ஒரு மழைக்கு எழுத்து அழிந்துவிடும்.